ஆற அமர வாழ்பவருக்கு மதிப்பெண்

பொன்னுலிங்கம் சார் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஐம்பதை நெருங்கும் வயதில் உளவியலில் முனைவர் பட்டம் வாங்க ஆசைப்பட்டார். அவருக்கு வழிகாட்டியாக அமைந்த பேராசிரியர் சுகந்தி வயதில் அவரைவிடச் சின்னவர். ஆனாலும் சார் அவர் முன்னால் கைகட்டித்தான் நிற்பார். சுகந்தியும் தன் மாணவரை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார்.

இருவரும் அளந்தது மனிதர்களின் வாழ்க்கை வேகத்தை. எலி அவசர அவசரமாகக் குட்டி போட்டுத் தள்ளுகிறது. யானை ஒரே குட்டியை இரண்டு வருடம் சுமக்கிறது. மனிதர்களிலும் அப்படி இரண்டு வழி உண்டு என்பது கொள்கை. நாளை என்பது நிச்சயமில்லாத வீட்டில் வளர்ந்தவர்கள் சீக்கிரம் கல்யாணம், சீக்கிரம் பிள்ளை, கிடைத்ததை அன்றே அனுபவிப்பது என்று ஓடுவார்களாம். மற்றவர்கள் ஆற அமர வாழ்வார்களாம். யார் எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வித்தாள். மதிப்பெண் கூடினால் நிதானம், குறைந்தால் அவசரம்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சார் சுகந்தியின் அறைக்கு வந்தார். கல்லூரி காலியாக இருந்தது.

“மேடம், ஒரு சந்தேகம்.”

“ஆராய்ச்சியிலயா?”

“அதுலயும்தான்.”

சுகந்தி நாற்காலியைக் காட்டினார். சார் உட்காரவில்லை.

“காலேஜ் வாசல்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்காங்களே, மரகதம்.”

“நம்ம கேள்வித்தாள் எல்லாம் அங்கதானே எடுக்கிறீங்க.”

“ஆமா. அவங்க என்கிட்ட ஒண்ணு கேட்டாங்க. ‘எனக்கும் யாரும் இல்லை, உங்களுக்கும் யாரும் இல்லை. தினம் பரோட்டா பார்சல் வாங்கிட்டுப் போறீங்க. பேசாம நாம ரெண்டு பேரும் சேர்ந்துடலாமா’ன்னு கேட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

சார் தலையைக் குனிந்துகொண்டார்.

“கேள்வித்தாள் குடுத்தேன்.”

ஊரில் சம்பந்தம் பேசுகிறவர்கள் ஜாதகம் கேட்பார்கள். இவர் நீட்டியது இதை. மரகதம் கோபப்படவில்லை. இரண்டு வாடிக்கையாளர்களுக்கு நடுவே நின்றுகொண்டே டிக் அடித்துக் கொடுத்தார். ‘பாஸா பெயிலா சார்’ என்று மட்டும் கேட்டார்.

“மார்க் போட்டீங்களா?” என்றார் சுகந்தி.

“போட்டேன் மேடம். நானும் எழுதிப் பார்த்தேன். எனக்கு நிதானத்துல ரொம்ப உசந்த மார்க். அவங்க கடைசி. ஆறு வயசுல அப்பா போயிட்டார், பதினெட்டுல கல்யாணம், முப்பதுல விதவை. கொள்கைப்படி எல்லாம் சரியாத்தான் இருக்கு. எனக்கும் அவங்களுக்கும் ஒத்துவருமா? அதைத்தான் கேட்க வந்தேன்.”

“அவங்க எப்ப பதில் கேட்டிருக்காங்க?”

“இன்னிக்குக் கடை சாத்தறதுக்குள்ள. திருப்பூர்ல இருக்கிற அண்ணன் கூப்பிட்டுக்கிட்டே இருக்காராம். நான் வேண்டாம்னா கடையை ஒப்படைச்சுட்டுக் காலையில பஸ் ஏறிடுவாங்க.”

சாருக்குப் பயமாக இருந்தது. அவர் வீட்டில் அம்மா இறந்த பிறகு அடுப்பு எரிந்ததில்லை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

சுகந்தி மேசையிலிருந்து வெற்றுக் கேள்வித்தாள் ஒன்றை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு சொன்னார்.

“உட்காருங்க சார். இன்னொருத்தரோட பதில் இருக்கு. நீங்க கேள்வியை வாசிங்க. நான் சொல்றேன். மார்க் போடுங்க.”

சார் பேனாவை எடுத்தார். சுகந்தியின் கையில் காகிதம் எதுவும் இல்லை. சார் அதைக் கவனிக்கவில்லை.

“ஆபத்தான காரியத்துல இறங்குவாங்களா?”

“மாட்டாங்க.”

“எதிர்காலத்துக்குத் திட்டம் உண்டா?”

“பென்ஷன் வரைக்கும் உண்டு.”

“கைக்குக் கிடைச்சதை உடனே செலவழிச்சிடுவாங்களா?”

“யாருக்குச் செலவழிக்க? மாட்டாங்க.”

“ஒருத்தரை ஏத்துக்க ரொம்ப காலம் எடுத்துக்குவாங்களா?”

“எடுத்துக்கிட்டாங்க.”

“நாளைக்கு என்ன நடக்கும்னு நிச்சயமாத் தெரியுமா?”

“தெரியும். இன்னிக்கு நடந்ததேதான்.”

சார் கூட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. நல்ல விடைத்தாளைக் கண்டால் வாத்தியார்களுக்கு எல்லாமே மறந்துபோகும்.

“மேடம், இவங்க என்னையே தாண்டிட்டாங்க! இப்படி ஒரு நிதானத்தை நான் பார்த்ததில்லை. குடுத்துவச்சவங்க. யாரு இவங்க?”

“நான்தான்.”

சார் பேனாவைக் கீழே வைத்தார்.

“என்கிட்டயும் ஒருத்தர் கேட்டார் சார். யோசிச்சுச் சொல்றேன்னேன். நல்லா யோசிச்சேன். அவசரப்படக் கூடாது இல்லையா? சரின்னு முடிவு பண்ணி முடிச்சப்போ அவர் பொண்ணுக்குக் காதுகுத்துன்னு பத்திரிகை வச்சுட்டுப் போனார்.”

சுகந்தி சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சாருக்குத் தெரியும். தினம் முகச்சவரம் பண்ணும்போது கண்ணாடியில் பார்ப்பதுதான்.

வெளியே காவலாளி ஒவ்வொரு வகுப்பாகக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தார்.

“அப்போ நம்ம அளவுகோல் தப்பா மேடம்?”

“தப்பில்லை. காத்திருக்கிறவருக்கும், யாரும் வராம உட்கார்ந்திருக்கிறவருக்கும் ஒரே மார்க் போடுது. அவ்வளவுதான்.”

சார் தாளைப் புரட்டிப் பார்த்தார். பிறகு ஆராய்ச்சி மாணவர் மட்டுமே கேட்கக்கூடிய ஒன்றைக் கேட்டார்.

“ரெண்டு பேரையும் பிரிச்சுக் காட்டற மாதிரி ஒரு கேள்வி சேர்த்துடலாமா?”

“அந்தக் கேள்வியை மரகதம் கேட்டாச்சு சார்.”

வாசல் பக்கம் ஜெராக்ஸ் கடையின் இரும்பு ஷட்டர் பாதி இறங்கும் சத்தம் கேட்டது. சாருக்கு எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. மறுபடி மார்க்கைக் கூட்டிப் பார்த்தார்.

“மேடம்… இன்னும் கொஞ்சம் யோசிக்கட்டுமா?”

“யோசிங்க சார்” என்றார் சுகந்தி. “மார்க் இன்னும் ஏறும்.”