அப்பளத்தின் மறுபாதி

முன்னொரு காலத்தில் நெய்தலூர்ச் சீமையைக் குமாரசிங்க ராஜா ஆண்டுவந்தார். கோபம் வந்தால் கோட்டையைப் பூட்டச் சொல்வார். சிரிப்பு வந்தால் சாவியைக் குளத்தில் எறிவார். அப்படிப்பட்டவர், ஒரே மகள் செண்பகவல்லி காய்ச்சலில் இறந்த பிறகு சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

வெள்ளைக்காரர் பேச்சை ராஜாவுக்குத் தமிழில் சொல்லும் துபாஷி திருமேனி. அவன் தாய் முத்திருளிதான் இளவரசிக்குப் பால் கொடுத்து வளர்த்தவள். செவிலியின் மகன் சபையில் நிற்பதைப் பார்த்தாலே ராஜாவின் மந்திரியான பிரதானி அனந்தப்பனுக்கு வயிறு எரியும்.

அந்நியர்களை ராஜா சாப்பிடும்போதுதான் பார்ப்பார். அவர் இலையை மடித்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அன்று மதியம், கப்பலேறப் போகும் வெள்ளைக்கார வைத்தியர் விடைபெற வந்தார். செண்பகவல்லியின் பெயரோடு ஏதோ சொல்லித் தலை குனிந்தார்.

"அதென்ன 'லீவ், லீவ்' என்கிறார்?" என்றார் ராஜா.

"இளவரசி நம்மை விட்டுப் போய்விட்டார் என்கிறார், மகாராஜா."

ராஜாவின் முகம் இறுகியது. "போனவள் போகட்டும்! ஊஞ்சல், பொம்மை, பாவாடை, எல்லாவற்றையும் கடலில் போடுங்கள். அவள் நினைவாக ஒன்றும் இங்கே இருக்கக் கூடாது."

"முத்திருளியைப் பார்த்தாலும் குழந்தை ஞாபகம்தானே வரும், பிரபு?" என்று குழைந்தார் அனந்தப்பன். "அவளையும் தோணியில் ஏற்றி ஊரைவிட்டு அனுப்பிவிடலாமே."

"ஏற்று. பொழுது சாய்வதற்குள்."

திருமேனி சட்டென்று குறுக்கிட்டான். "மகாராஜா, நான் பாதிதான் சொன்னேன். 'லீவ்' என்ற சொல்லின் பிறப்பைப் பாதிரியார் ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். அவர்கள் நாட்டுப் பழைய பேச்சில் அது போவதைக் குறிக்கவில்லையாம். ஒன்றை இருக்கும்படி வைப்பதைத்தான் குறித்ததாம். வைத்தவர் கிளம்பிப் போவதற்கும் அதுவே பெயரானது பிறகுதானாம்."

அனந்தப்பன் கைகொட்டிச் சிரித்தார். "போவதும் அதுவே, இருப்பதும் அதுவேயா? அம்மாவைக் காப்பாற்றப் புளுகுகிறான், பிரபு!"

"நிரூபி," என்றார் ராஜா. "இல்லாவிட்டால் தாயும் மகனும் ஒரே தோணியில்."

திருமேனி பிரதானியின் பக்கம் திரும்பினான். "ஐயா, இளவரசி வைத்துப்போன எல்லாவற்றையும் எடுத்துவிடுவீர்களா?"

"ஒரு துரும்புகூட விடமாட்டேன்!"

"அப்படியானால் இந்த அறையில் இருப்பதை முதலில் எடுங்கள்."

அனந்தப்பன் பாயைத் தூக்கிப் பார்த்தார். குத்துவிளக்கின் பின்னால் தலையை நீட்டினார். "ஒன்றுமில்லையேடா!"

"மகாராஜாவின் இலையில் பாருங்கள்."

இலையின் ஓரத்தில் பாதி அப்பளம் இருந்தது. இளவரசி அப்பாவின் பக்கத்தில்தான் சாப்பிடுவாள். அவளுக்கு முழு அப்பளம் பிடிக்காது. அப்பா உடைத்துத் தரும் பாதிதான் வேண்டும். அவள் போன பிறகும் ராஜாவின் கை தினமும் அப்பளத்தை உடைத்தது, ஒரு பாதியை ஓரமாக வைத்தது. ராஜாவுக்கே அது தெரியாது. பக்கத்தில் நிற்கும் துபாஷிக்குத் தெரியும்.

"அப்பளத்தை எடுத்துவிடலாம், ஐயா," என்றான் திருமேனி. "உடைக்கிற கையை எந்தத் தோணியில் ஏற்றுவீர்கள்?"

ராஜா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சின்னப் பிள்ளைபோல வாய்விட்டு அழுதார். வைத்தியர் தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டார்.

அழுகை அடங்கியதும் ராஜா தன் முத்துமாலையைத் துபாஷியின் கழுத்தில் போட்டார். "அனந்தப்பா, ஊஞ்சல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அதைத் தினமும் உன் கையாலேயே துடை. முத்திருளியைக் கூப்பிடு."

மூட்டையும் கையுமாக வந்து நின்றாள் முத்திருளி.

"அதைக் கீழே வை, தாயே. அவள் எனக்கு மட்டுமா மகள்? உட்கார்."

அந்தப் பாதி அப்பளத்தை அவள் கையில் வைத்தார் ராஜா. அவளால் அதைத் தின்ன முடியவில்லை. "குழந்தை முதலில் ஓரத்தைத்தான் கடிக்கும், சாமி," என்றாள்.

"ஆமாம்," என்றார் ராஜா. "இன்னும் சொல்லு."

அன்று அவர் இலையை மடிக்கவே இல்லை.