ஐந்து சீட்டும் ஆமைதான்

ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். அங்கே பெருமாள் கோயில் பஜனைக் கோஷ்டியில் பாடுகிறவள் செண்பகவல்லி. ஒரு மார்கழி முதல் தேதி, கோஷ்டித் தலைவி லோகநாயகி ஐந்து சீட்டு எழுதி ஆண்டாள் முன்னால் போட்டாள்.

"சாஸ்திரத்துல யமம்னு அஞ்சு அடக்கம் சொல்லியிருக்கு. பூஜை, பாட்டு எல்லாம் அதுக்கு அப்புறம்தான். ஆளுக்கு ஒண்ணு எடுங்க. கடைசிவரை காப்பாத்துறவ கூடாரவல்லி அன்னைக்கு ஆண்டாளுக்கு மாலை எடுத்துட்டு வரட்டும்."

துன்புறுத்தாமை, பொய்யாமை, திருடாமை, காமுறாமை, ஆசைப்படாமை.

"என்ன மதினி, எல்லாம் ஆமையாவே இருக்கு? ஒரு முயல்கூட இல்லையா?" என்றாள் அம்புஜம். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு வந்தது பொய்யாமை. அவளுடைய நெடுநாள் சிநேகிதி செண்பகவல்லிக்கு வந்தது துன்புறுத்தாமை.

செண்பகவல்லியின் மகள் சுகந்தி அவள் பெற்ற பிள்ளை அல்ல. கணவனோடு வெளியூரில் இருந்தபோது, பத்து நாள் குழந்தையாக எடுத்து வளர்த்தவள். கணவனும் போய்ச் சேர்ந்தபின் அது தெரிந்த ஒரே ஆள் அம்புஜம். இருபத்தாறு வருஷத்துக்கு முன், இதே சந்நிதியில் துளசியைக் கையில் வைத்துக்கொண்டு, "இது என் வாயிலேர்ந்து வராது, செண்பகம்" என்று அவளாகவே சொன்னாள்.

மார்கழி இருபத்திரண்டு. ஆறு மாதக் கர்ப்பிணியான சுகந்தி தாய்வீடு வந்திருந்தாள். பஜனை முடிந்து எல்லோரும் தொன்னையில் பொங்கல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். லோகநாயகி அவள் முகவாயைத் தொட்டு, "பேரனுக்கும் இந்த மூக்குதான் வரும். அப்படியே செண்பகம் மூக்கு" என்றாள். பேச்சு அத்தோடு அடுத்த கரண்டிப் பொங்கலுக்குப் போயிருக்கும்.

"அது எப்படி மதினி? பெத்தவ மூக்குல்லா வரும்!" என்றாள் அம்புஜம். "நான் பொய்யாமைல இருக்கேன். கேட்டுட்டுச் சும்மா இருந்தா அதுவும் பொய்தானே?"

செண்பகவல்லியின் கைத்தொன்னை சாய்ந்து நெய் முழங்கை வரை வழிந்தது. அம்புஜத்தின் முகத்தில் பதற்றமே இல்லை. சீட்டைக் காப்பாற்றிய திருப்திதான் இருந்தது. கோபத்தில் உளறியிருந்தால்கூட செண்பகவல்லி மன்னித்திருப்பாள்.

சுகந்தி திரும்பினாள். "அம்மா, நான் நீ பெத்த பிள்ளைதானே?"

ஆமாம் என்று பொய் சொல்லியிருக்கலாம். பொய்யாமை அவள் சீட்டு இல்லை. 'இல்லை' என்று உண்மையைச் சொன்னால் மகள் நொறுங்கிப்போவாள். துன்புறுத்தாமைதான் அவள் சீட்டு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளைப் பார்த்து, "இல்லம்மா" என்றாள்.

மத்தியான பஸ்ஸிலேயே சுகந்தி புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். எத்தனை முறை போன் செய்தும் எடுக்கவில்லை.

மார்கழி இருபத்தேழு, கூடாரவல்லி. காலையில் அம்புஜம் முந்திக்கொண்டு மாலைக் கூடையில் கை வைத்தாள்.

"நான் என் சீட்டைக் காப்பாத்தினேன். செண்பகம் காப்பாத்தலையே? நான் சொன்னதை அந்தப் பிள்ளை கேலின்னு தள்ளியிருக்கும். அழ வச்சது இவ சொன்ன 'இல்ல'தான்."

"அப்போ இருபத்தாறு வருஷமா என்கூட இருந்தது யாரு, அம்புஜம்?" செண்பகவல்லி கேட்டது அவ்வளவுதான்.

லோகநாயகி மாலைக் கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். இருவரும் சொன்னது ஒரே உண்மை. இரண்டும் சுட்டது ஒரே பிள்ளையை. அப்படியானால் சீட்டை மீறியவள் யார்? மாலை யார் கைக்குப் போக வேண்டும்?

விடை: மீறியவள் அம்புஜம், அதுவும் தன் சீட்டையே மீறினாள். துளசியைத் தொட்டுக் கொடுத்த வாக்கைக் காப்பதும் பொய்யாமைதான். சீட்டில் 'உண்மையைச் சொல்' என்று எழுதியிருக்கவில்லை. யமம் என்றாலே அடக்கம், உள்ளே இழுத்துக்கொள்வது. யாரும் அவளைக் கேட்காதபோதே இந்த ஆமை தலையை நீட்டியது. செண்பகவல்லியைக் கேட்டவளோ, கேட்க உரிமை உள்ளவள். அவள் முகத்துக்கு நேரே பொய் சொல்வதுதான் பெரிய துன்பமாக முடியும். ஆனாலும் மகள் கேட்கும்வரை காத்திருந்தது தன் தப்பு என்று செண்பகவல்லிக்கே தெரியும். அதனால் மாலை அவளுக்கென்று லோகநாயகி சொன்னபோது அவள் அங்கே இல்லை. மகள் ஊருக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு தூக்குவாளி, வீட்டில் பொங்கிய சர்க்கரைப் பொங்கல். வாங்கிக்கொள்வாளோ மாட்டாளோ.