இரவல் குடங்கள்

“பொய் சொல்லச் சொல்லவில்லை, சுவாமி. கொஞ்சம் கூட்டிச் சொல்லத்தான் சொல்கிறார்கள்” என்றாள் இராஜமனோகரி.

அந்தத் தீவு நாட்டின் மத்திய வங்கி ஆளுநர் அவள். குன்றின் மேலிருந்த குருவோ அவளைவிட இருபது வயது இளையவர். அதை இருவரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

வாசலில் நின்றபோதே சுவரோரம் நிறைகுடங்களைப் பார்த்திருந்தாள். கையிலிருந்த பாட்டில் தண்ணீர் முழுவதையும் ஊற்றிக் காலைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வந்தாள்.

“எதைக் கூட்ட?”

“டாலர் கையிருப்பை. மாதக் கடைசியில் பக்கத்து நாட்டிலிருந்து கடனாக வரும். நாங்கள் கணக்கை வெளியிட்டதும் திரும்பிப் போய்விடும். வழக்கமாக நடப்பதுதான்.”

“பிறகென்ன?”

“நிறைய இருக்கிறதென்று நம்பி வியாபாரிகள் கார் காராக இறக்குமதி செய்கிறார்கள். இப்படியே போனால் மருந்துக் கப்பலுக்குக் கொடுக்க டாலர் மிஞ்சாது. உள்ளதைச் சொன்னால் காரை நிறுத்தி மருந்துக்கு ஒதுக்கலாம். ஆனால் அமைச்சர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.”



மலையேறிய களைப்பில் அவளுக்குத் தொண்டை வறண்டது. செம்பை எடுத்துக் குடத்தருகே போனாள்.

“தொடாதீர்கள், அம்மா. அது அடிவாரத்து மடத்துக் குடம். நீங்கள் வருகிறீர்கள் என்று இரவல் வாங்கி வைத்தேன். சாயங்காலம் அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும்.”

அடுத்த குடத்துக்கு நகர்ந்தாள்.

“அதுவும்தான்.”

“குடிக்க முடியாத தண்ணீரை எதற்கு வைத்தீர்கள்?” அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “இதை நம்பித்தானே என் தண்ணீரைக் காலில் கொட்டினேன்!”

சொன்னவள் அப்படியே நின்றாள்.

குரு மூலையிலிருந்த சிறு மண்சட்டியைச் சாய்த்தார். அரை டம்ளர் தேறியது.

“இது என்னுடையது.”

அவள் ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். பிறகு கைபேசியில் அலுவலகத்தை அழைத்தாள்.

“கடனாக வந்ததைக் கழித்துவிடுங்கள். மீதியை இப்போதே வெளியிடுங்கள். ஆமாம், என் பெயரில்தான்.”

அவள் குன்றிலிருந்து பாதி இறங்குவதற்குள் அமைச்சர் அழைத்துவிட்டார்.

“என்னம்மா இது, மானத்தை வாங்கிவிட்டீர்கள்! நாளைக்கு அந்த நாற்காலியில் நீங்கள் இருக்க மாட்டீர்கள், தெரியுமா?”

“தெரியும், ஐயா. அதனால்தான் இன்றைக்கே வெளியிட்டேன்.”