குழாயடி வரை போன காவல்

செண்பகத்துக்குக் கோபம் என்றால் அப்படியொரு கோபம். திண்டுக்கல் பெண்கள் கூடைப்பந்துக் குழுவில் எதிராளியை மறிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவள் பொறுப்பில் விட்ட யாரும் இதுவரை ஒரு கூடை போட்டதில்லை. ஆனாலும் முதல் ஐந்து பேரில் அவளுக்கு இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை இறுதிப்போட்டி. அன்றைக்கும் பெஞ்சைத் தேய்க்க வேண்டியதுதான் போலிருந்தது.

பொறுக்கமாட்டாமல் பயிற்சியாளர் லூர்துமேரியிடம் போய் நின்றாள்.

"நான் என்னக்கா தப்பு பண்ணுனேன்?"

"ஒரு தப்பும் இல்லடி."

"என் ஆளு எப்பவாச்சும் கூடை போட்டிருக்காளா?"

"போட்டதே இல்ல."

"அப்புறம் ஏன் என்னய உக்கார வைக்கிறீங்க?"

லூர்துமேரி பதிலுக்கு விசிலை ஊதினார். பயிற்சி ஆரம்பம் என்று அர்த்தம்.

அந்த மைதானத்துக்கு ஒரு சட்டம் உண்டு. நாலு பேர் தாக்குவார்கள், நாலு பேர் தடுப்பார்கள். தடுப்பவர்களில் ஆளுக்கு ஒருத்தி பொறுப்பு. தொடர்ந்து மூன்று முறை தடுத்தால்தான் விடுதலை. நடுவில் ஒரு கூடை விழுந்தாலும் போச்சு, மறுபடி ஒன்றிலிருந்து. எல்லாரும் திட்டிக்கொண்டேதான் ஆடுவார்கள், ஆனால் ஒரு நாளும் மட்டம் போடமாட்டார்கள்.

அன்றைக்குச் செண்பகம் மறிக்க வேண்டியது ரெஜினாவை. லூர்துமேரி ரெஜினாவின் காதில் என்னவோ சொன்னார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

பந்து ஆட்டத்துக்கு வந்ததும் ரெஜினா கூடைப்பக்கம் போகவில்லை. கோட்டைத் தாண்டி, சுவரோரக் குழாயைப் பார்த்து நடந்தாள். செண்பகம் விடுவாளா? முட்டியை மடக்கி, இரண்டு கையையும் விரித்து, பக்கவாட்டில் எட்டுவைத்துக் கூடவே போனாள். ரெஜினா குழாயைத் திறந்து குனிந்து தண்ணீர் குடித்தாள். செண்பகம் அப்போதும் கையை விரித்தபடி அவள் முகத்துக்கு எதிரே நின்றாள்.

பின்னால் ஒரே கூச்சல். திரும்பிப் பார்த்தால், தாக்குகிறவர்களில் மிச்சமிருந்த மூன்று பேரில் ஒருத்தி, செண்பகத்தோடு சேர்ந்து தடுத்த மும்தாஜைத் தாண்டிப்போய்க் கூடை போட்டிருந்தாள்.

"என் ஆளு போடலக்கா!" குழாயடியிலிருந்தே செண்பகம் கத்தினாள்.

"ஆமா. தண்ணிதான் குடிச்சா," என்றார் லூர்துமேரி.

மைதானமே சிரித்தது. செண்பகம் முறைத்துக்கொண்டு நிற்கப் பார்த்தாள். முடியவில்லை, அவளும் சிரித்துவிட்டாள்.

மறுபடி ஒன்றிலிருந்து. இந்த முறையும் மும்தாஜின் ஆள் அவளை ஏமாற்றிவிட்டுக் கூடையை நோக்கிப் பாய்ந்தாள். செண்பகத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. வந்தது வரட்டும் என்று ரெஜினாவை விட்டுவிட்டுக் குறுக்கே போய் நின்றாள். பாய்ந்தவள் திணறிப்போய்ப் பந்தைத் தூக்கி எறிந்தாள். அது தனியாக நின்ற ரெஜினாவின் கைக்குப் போனது. ரெஜினா நிதானமாகக் கூடை போட்டாள்.

செண்பகம் தலையில் அடித்துக்கொண்டாள். "பாத்தீங்களாக்கா? விட்டேன், போட்டுட்டா! நான் மும்தாஜுக்காகப் போனேன்ல, அவ ரெஜினாகிட்ட ஓடியிருக்கக் கூடாதா?"

லூர்துமேரி மும்தாஜைப் பார்த்தார். "ஏன்டி போகல?"

"என் ஆளு போடலையேக்கா," என்றாள் மும்தாஜ் வெள்ளந்தியாக.

செண்பகத்துக்குச் சுருக்கென்றது. தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த பேச்சு, அடுத்தவள் வாயிலிருந்து வரும்போது இவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

தன் பக்கத்து மூன்று பேரையும் தோளோடு சேர்த்து இழுத்துக் குசுகுசுவென்று பேசினாள். லூர்துமேரி அந்தப் பக்கம் திரும்பி, அவிழாத ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினார்.

அடுத்த பந்து. "மும்தாஜ், ரெஜினாவப் பாரு!" என்று கத்திக்கொண்டே செண்பகம் குறுக்கே பாய்ந்தாள். மும்தாஜ் ஓடினாள். ரெஜினா கைக்குப் பந்து வந்தது, போட வழியில்லை. ஒன்று. கத்தல் இன்னும் கூடியது. இரண்டு. மூன்றாவதில் பந்து வெளியே உருண்டபோது நாலு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். தோற்ற ரெஜினாவும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து குதித்தாள்.

பயிற்சி முடிந்ததும், வேர்த்து ஒழுக, செண்பகம் தயங்கித் தயங்கி வந்தாள்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை..."

"மொத அஞ்சுல நீ இருக்க."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "இன்னைக்குன்னு பாத்து என் ஆளு கூடை போட்டுட்டாளேக்கா!"

"அவ எப்ப போடுவான்னுதான்டி இத்தனை நாளா காத்துக்கிட்டு இருந்தேன்," என்றார் லூர்துமேரி.