முதுகில் இரண்டு விரல்கள்

"ஒரு படத்துலகூட நான் இல்ல," என்றார் ஒரெஸ்தே.

தூலியோ தோல் வாரில் சவரக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இருபத்தேழு வருஷம் கழிச்சு வர்றே. வந்ததும் வராததுமா இதைத்தான் சொல்லணுமா?"

"வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

"சரி, உட்காரு. தாடி முள்ளு முள்ளா இருக்கு."

ஒரெஸ்தே உட்கார்ந்தார்.

குரு சீடன் கதை என்றால் குருவுக்குத் தாடி நரைத்திருக்க வேண்டும், சீடனுக்கு மீசை அரும்பியிருக்க வேண்டும். அதுதான் வழக்கம். இங்கே சீடருக்கு வயது அறுபத்து மூன்று. குரு அவரைவிட இரண்டு வயது இளையவர். தாடியை மழிப்பதுதான் குருவின் பிழைப்பு. தான் குரு என்பது அன்று காலை வரை அவருக்கும் தெரியாது.

ஒரெஸ்தே யார் என்று இத்தாலியில் யாரையாவது கேட்டால், கேட்டவரைத்தான் மேலும் கீழும் பார்ப்பார்கள். இருபது வருடம் ஒரே துறைமுக நகரத்துக்காக, ஒரே ஜெர்சியில் கால்பந்து ஆடியவர். தடுப்பாட்டக்காரர். அவரைத் தாண்டிப் பந்தை எடுத்துப் போவதற்குப் பதிலாகக் கடலைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம் என்று மற்ற அணிக்காரர்கள் சொல்வார்கள்.

இப்போது அவருடைய கிளப் மைதானத்து வாசலில் அவருக்கு வெண்கலச் சிலை வைக்கப் போகிறது.

சிலை செய்கிற பெண் ஒரே ஒரு படம் கேட்டாள். "உங்க ஆட்டம் இதுதான்னு நீங்க நினைக்கிற படம். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

ஒரெஸ்தே பெட்டியைத் திறந்து முப்பத்தேழு படங்களைத் தரையில் பரப்பினார். ஒன்றில் அவருடைய முழங்கை இருந்தது. ஒன்றில் பாதிக் காது. இன்னொன்றில் ஒரு காலணி. அதுவும் அவருடையதுதானா என்று சந்தேகமாக இருந்தது. எல்லாப் படத்திலும் நடுநாயகமாக வேறொருவன் நின்றான். பத்தொன்பது படங்களில் நின்றவன் ஒரே ஆள். தூலியோ.

அதனால்தான் மூன்று மணி நேரம் பேருந்தில் குலுங்கி இந்த மலையூருக்கு வந்திருக்கிறார். பேருந்து நிற்கிற இடத்தில் ஒரு தேவாலயம், ஒரு ரொட்டிக்கடை, இந்தச் சலூன். ஊர் அவ்வளவுதான்.

"கோல் போட்டவனுக்குச் சிலை வெச்சா, காலைத் தூக்கினாப் போதும்," என்றார் ஒரெஸ்தே. "தடுத்தவனுக்கு எதைத் தூக்குறது?"

தூலியோ பிரஷ்ஷைச் சோப்பில் சுழற்றினார்.

"இருபது வருஷமா நான் செஞ்சதெல்லாம், ஒண்ணும் நடக்காமப் பாத்துக்கிட்டதுதான். நடக்காததுக்கு எப்படிச் சிலை வைக்கிறது? வேணாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

"சொல்லிடு."

ஒரெஸ்தேக்குச் சுருக்கென்றது. வேண்டாம் என்று சொல்வேன் என்றால், சொல்லாதே என்று யாராவது தடுக்க வேண்டும் அல்லவா? அதற்கும் ஆள் இல்லை.

தூலியோ அவர் முகத்தில் நுரையைப் பூசினார். இரண்டு பேரும் கண்ணாடியில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"உனக்கு மூக்கு இவ்வளவு பெரிசா?" என்றார் தூலியோ.

அவர் கேட்டது கேலி மட்டும் இல்லை. பதினோரு வருடம் எதிரெதிர் அணியில் ஆடியும் அவர் ஒரெஸ்தேயின் முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை.

அந்தக் காலத்து இத்தாலியில் ஆட்டம் அப்படி. தடுப்பாட்டக்காரனுக்கு எதிரணியில் ஒரே ஓர் ஆளைக் காட்டிவிடுவார்கள். தொண்ணூறு நிமிடமும் அவன் பின்னாலேயே நிற்க வேண்டும். அவன் ஓடினால் ஓட வேண்டும். அவன் கோட்டோரம் போய்த் தண்ணீர் குடித்தால், இவன் தாகமில்லாமல் பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஒரெஸ்தே கண்ணைப் பந்தின் மேல் வைப்பார். இடது கையின் இரண்டு விரல் நுனிகளை முன்னால் நிற்பவனின் முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, பட்டும் படாமலும் வைப்பார். தள்ள மாட்டார், பிடிக்க மாட்டார். ஆள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறான் என்பது காலுக்கு வருவதற்கு முன்பே அந்த இடத்தில் தெரிந்துவிடும். அவருடைய புகழ் முழுவதும் அந்த இரண்டு விரலில்தான் இருந்தது.

தூலியோவின் பிடரியில் இருந்த மச்சம், அவர் தடவுகிற எண்ணெயின் வாசனை, மூச்சிரைத்தால் இடது தோள் மட்டும் ஏறி இறங்குவது, எல்லாம் ஒரெஸ்தேக்கு மனப்பாடம். முகத்தைத்தான் தெரியாது.

முதல் ஆட்டம் ஒரு ஜனவரி மாதம். மூடுபனியில் எதிர்க் கோல் கம்பம்கூடத் தெரியவில்லை. ஒரெஸ்தே விரலை வைத்ததும் தூலியோ திரும்பாமலே சொன்னார்:

"கை சில்லுன்னு இருக்கு."

மைதானத்தில் ஒரெஸ்தே யாரோடும் பேசுவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு தூலியோவோடு ஆட்டம் என்றால், மைதானத்தில் இறங்குமுன் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். எதிராளிக்காக இவ்வளவு மெனக்கெடுவானேன் என்று சக ஆட்டக்காரர்கள் கேட்டார்கள். அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

வருடத்துக்கு இரண்டு ஆட்டம். இருபத்தொரு ஆட்டங்களில் தூலியோவால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. மற்ற அணிகளுக்கு எதிராக மூட்டை மூட்டையாகப் போட்டார்.

இருபத்திரண்டாவதில் போட்டார். அதுதான் அவருடைய கடைசி ஆட்டம். ஈரப் புல்லில் ஒரெஸ்தே வழுக்கிவிட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. தூலியோ யாருக்கும் கை கொடுக்காமல் வெளியே போனார். இந்த ஊருக்கு வந்து அப்பாவின் சலூனைத் திறந்தார்.

"படங்களைக் குடு," என்றார் தூலியோ.

ஒரெஸ்தே தன் மேல் போர்த்தியிருந்த சவரத் துணிக்கு அடியிலிருந்து உறையை எடுத்து நீட்டினார். தூலியோ சீட்டுக்கட்டைப் போலப் புரட்டிக்கொண்டே போனார். அடியில் கிடந்த கடைசிப் படத்தில் நின்றார்.

"ஒரு படத்துலகூட இல்லேன்னியே. இதுல தலையிலேர்ந்து கால் வரைக்கும் இருக்கே."

ஒரெஸ்தே கண்ணாடியிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"இதையே குடு. சிலைக்கு நல்லா இருக்கும்."

"அது வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா விடேன்."

தூலியோ படத்தைக் கண்ணாடியின் சட்டத்தில் செருகினார். சவரக்கத்தியை எடுத்தார். ஒரெஸ்தேயின் நெற்றியைப் பிடித்துத் தலையைச் சாய்த்து, கத்தியைக் கழுத்தில் வைத்தார்.

"அன்னிக்கு ஏன் கையை எடுத்தே?"

கழுத்தில் கத்தி இருக்கும்போது பொய் சொல்வது சிரமம். எச்சில் விழுங்குவதே சிரமம்.

"வழுக்கிருச்சு," என்றார் ஒரெஸ்தே.

கத்தி நகரவில்லை.

"ஒரெஸ்தே. என் முதுகுக்குத் தெரியாதா?"

வெளியே தேவாலயத்தில் பதினொரு மணி அடித்தது.

"உனக்குக் கடைசி ஆட்டம்," என்றார் ஒரெஸ்தே. "நாங்க மூணு கோல் முன்னால இருந்தோம். நீ நொண்டுறது விரல்ல தெரிஞ்சுது. ஒண்ணே ஒண்ணு போட்டுட்டுப் போகட்டுமேன்னு..."

"பாவம்னு."

"பாவம்னு இல்ல."

"பின்னே?"

ஒரெஸ்தே யோசித்துப் பார்த்தார். வேறு சொல் கிடைக்கவில்லை.

"ஆமா. பாவம்னுதான்."

கத்தி கழுத்திலிருந்து தாடைவரை ஒரே இழுப்பாக ஏறியது. ஒரு கீறல்கூட இல்லை.

"அந்தப் படத்தை நல்லாப் பாரு," என்றார் தூலியோ. "பந்து எங்க இருக்கு?"

"வலைக்குள்ள."

"நான் எங்க பாக்குறேன்?"

இருபத்தேழு வருடமாகப் பெட்டியில் கிடந்த படம்தான். ஆனால் எப்போது எடுத்தாலும் ஒரெஸ்தே அதில் தன்னை மட்டுமே பார்த்திருக்கிறார். தள்ளி நின்று, கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருக்கும் தன்னை. பார்த்ததும் வெட்கப்பட்டுக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

இன்றுதான் தூலியோவைப் பார்த்தார். பந்து வலையில் துள்ளிக்கொண்டிருந்தது. கூட்டம் கைகளைத் தூக்கியிருந்தது. தூலியோ கோலைப் பார்க்காமல், கழுத்தைத் திருப்பி, தன் முதுகுக்குப் பின்னால் எதையோ தேடிக்கொண்டிருந்தார். சந்தையில் அப்பாவின் கை நழுவிப்போன பிள்ளையின் முகம் அது.

"இருபத்தொரு ஆட்டம் நீ என்னை ஒரு நொடி விடல," என்றார் தூலியோ. "என் அப்பா இந்தக் கடையில உக்காந்துக்கிட்டு வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் அதைத்தான் சொல்லுவாரு. 'ஒரெஸ்தேயே என் பையனைக் கண்டா பயப்படுறான், கையை எடுக்க மாட்டேங்கிறான்'னு. நான் போட்ட கோல் ஒண்ணைக்கூட அவர் சொன்னதில்ல."

ஒரெஸ்தே சட்டத்தில் செருகியிருந்த படத்தையே பார்த்தார்.

"கடைசி நாள் நீ கையை எடுத்துட்டே. இனி இவனைத் தடுக்க வேண்டியதில்லன்னு உலகத்துக்கே சொன்ன மாதிரி இருந்துச்சு."

"என்னை மன்னிச்சுக்கோ."

"கன்னத்தை உப்பு."

ஒரெஸ்தே கன்னத்தை உப்பினார். கத்தி சுற்றி வந்தது. ஒரு பக்கம் முடிந்தது.

மறு பக்கத்துக்குப் போகாமல் தூலியோ கத்தியைக் கீழே வைத்தார். நாற்காலிக்கு முன்னால் போய், கடையின் நட்டநடுவில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"வா."

"எதுக்கு?"

"வான்னா வா."

ஒரெஸ்தே கழுத்தில் துணியும் பாதி முகத்தில் நுரையுமாக எழுந்து வந்தார். பிடரி மச்சம் அதே இடத்தில் இருந்தது. சுற்றிலும் முடி நரைத்திருந்தது.

தூலியோ முழங்காலை லேசாக மடக்கினார். வலப்பக்கம் சாய்வதுபோலக் காட்டி, இடப்பக்கம் திரும்பினார். அறுபத்தொரு வயதில் எவ்வளவு வேகம் வருமோ அவ்வளவு வேகம்தான்.

ஆனால் ஒரெஸ்தே அதற்கு முன்பே இடப்பக்கம் நின்றார்.

எப்படி என்று அவருக்கே புரியவில்லை. குனிந்து பார்த்தார். அவருடைய இடது கை நீண்டிருந்தது. இரண்டு விரல் நுனிகள் தூலியோவின் முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, பட்டும் படாமலும் இருந்தன. அவர் வைத்ததாக நினைவில்லை.

தூலியோ திரும்பவில்லை. மூச்சு வாங்கியது. இடது தோள் மட்டும் ஏறி இறங்கியது.

"படம் கிடைச்சுதா?" என்றார்.

ஒரெஸ்தே கையை எடுக்கவில்லை. நுரை காய்ந்து முகத்தில் இழுக்கத் தொடங்கிய பிறகும் எடுக்கவில்லை.

அடுத்த ஜனவரியில் சிலையைத் திறந்தார்கள்.

மேயர் கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது. கைதட்டல் பாதியில் நின்றுபோனது.

வெண்கல ஒரெஸ்தே பீடம் இல்லாமல் தரையிலேயே நின்றார். முழங்கால் மடங்கியிருந்தது. பார்வை தூரத்தில் எங்கோ இருந்தது. இடது கை இடுப்பு உயரத்தில் முன்னால் நீண்டு, இரண்டு விரல்கள் வெறும் காற்றைத் தொட்டுக்கொண்டிருந்தன.

"என்ன இது, பிச்சை கேக்குற மாதிரி?" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். சிலர் சிரித்தார்கள்.

"பந்தை எங்கப்பா காணோம்?"

கிளப்காரர்கள் சிற்பியைப் பார்த்தார்கள். சிற்பி ஒரெஸ்தேயைப் பார்த்தாள். மேடையில் நின்ற ஒரெஸ்தேக்குக் காது மடல் சூடாகிவிட்டது. எந்த ஆளையும் தடுக்காமல், இத்தனை பேர் நடுவில் இப்படித் தனியாக அவர் நின்றதே இல்லை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். நொண்டி நொண்டி வந்தார். சிலைக்கு முன்னால் போய் நின்று, அதற்கு முதுகைக் காட்டித் திரும்பினார். மேல்கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

வெண்கல விரல்கள் சட்டைக்கு மேல், சரியாக அந்த இடத்தில் பட்டன.

ஒருவரும் சிரிக்கவில்லை.

தூலியோவின் உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. பின்னால் திரும்பாமலே, மேடைவரை கேட்கும்படி சொன்னார்:

"கை சில்லுன்னு இருக்கு."

மேடையில் ஒரெஸ்தே இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தேய்க்கத் தொடங்கினார்.