துக்கம் கேட்கப் போன வழி

உலகம்மை அம்மாளின் வைத்தியசாலை ஆற்றங்கரையில் இருந்தது. அங்கே தொழில் கற்றுக்கொண்டிருந்தவர்களில் திருமேனிதான் வயதில் மூத்தவர். குருவுக்கே மூத்தவர். பாதி ஆயுளைத் தோணி தள்ளிக் கழித்துவிட்டு, ஒருநாள் 'எனக்கும் வைத்தியம் சொல்லிக்கொடுங்க' என்று வந்து நின்ற மனுஷன். அவர் குருவை அம்மா என்பார், குரு அவரை அண்ணாச்சி என்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் அதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை.

அந்த மழைக்காலத்தில் ஆற்றில் ஒரு தோணி கவிழ்ந்தது. வைத்தியசாலை ஆட்கள் எல்லோரும் ஓடினார்கள். வெள்ளத்தில் இறங்கத் தெரிந்தவர் திருமேனி ஒருவர்தான். நாலு பேரைக் கரை சேர்த்தார். கடைசியாக ஒரு சிறுமியைத் தூக்கி வந்தார். மூச்சில்லை. கரையிலேயே கிடத்தி நெஞ்சை அமுக்கினார், வாயில் வாய் வைத்து ஊதினார். "போதும் அண்ணாச்சி, விட்டுருங்க" என்று யார் யாரோ சொன்னார்கள். அவர் காதில் விழவே இல்லை. பிள்ளையின் அப்பாதான் கடைசியில் அவர் கையைப் பிடித்து விலக்கினார்.

மறுநாள் திருமேனி வழக்கம்போல மருந்து இடித்தார். அதற்கு மறுநாளும் இடித்தார். "அண்ணாச்சி இரும்புய்யா!" என்று கூட இருந்தவர்கள் மெச்சிக்கொண்டார்கள். இரும்பாம் இரும்பு!

ஒரு வாரம் போயிருக்கும். விடிந்ததும் விடியாததுமாகத் தன் மருந்துப் பையைக் கொண்டுவந்து குருவின் முன்னால் வைத்தார்.

"நான் போறேம்மா."

"எங்க?"

"எங்கயாவது. இந்த வேலைக்கு நான் லாயக்கில்ல."

"என்ன ஆச்சு?"

திருமேனி தலை நிமிரவில்லை. "நேத்து ஒரு பெரியவர் மூட்டுவலின்னு வந்தாரு. ராத்திரியெல்லாம் உறக்கமில்லன்னாரு. 'இதெல்லாம் ஒரு வலியா, எந்திரிச்சுப் போங்க'ன்னு கத்திட்டேன்."

"அவரு?"

"மருந்து வாங்காமலே நொண்டிக்கிட்டுப் போயிட்டாரு. போகும்போது என்னையக் கும்பிட்டுட்டு வேற போனாரு. நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம்போல இருந்துச்சும்மா."

"அவருக்கு நேத்தே மருந்து குடுத்தனுப்பிட்டேன்."

"அப்போ உங்களுக்குத் தெரியுமா?"

"நீங்க போட்ட சத்தத்துக்கு அக்கரைக்கே தெரியும்."

திருமேனி கூனிக்குறுகிப் போனார்.

"அந்தப் பிள்ளைக்காக அழுதீங்களா, அண்ணாச்சி?"

"தொழுவத்துக்குப் பின்னாடி நிக்கும்போது அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. வாயில துண்டை வச்சு அடைச்சுக்கிட்டேன்."

"ஏன்?"

"பெத்தவங்க அங்க துடிச்சுக்கிட்டுக் கிடக்காங்க. பேர்கூடத் தெரியாத பிள்ளைக்கு நான் அழுதா அசிங்கமில்லையா? அழ நான் யாரு?"

குரு எழுந்தார். அடுக்களைக்குப் போய் ஒரு தூக்குவாளியில் சோற்றை எடுத்துக்கொண்டு வந்தார். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. சுற்றி இருப்பவர்கள்தான் சோறு கொண்டுபோவார்கள்.

"போறதுதான் போறீங்க. அதுக்கு முன்னாடி ஒரு துக்க வீட்டுக்குப் போகணும். கூட வாங்க."

திருமேனி சட்டென்று நிமிர்ந்தார். அந்தப் பிள்ளையின் வீடுதான், வேறு எது? தகப்பன் முகத்தில் எப்படி விழிப்பது? "நான் வரலம்மா" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் குரு வாசலைத் தாண்டிவிட்டார்.

ஆற்றோரமாக நடந்தார்கள். எதிரே வந்தவர்கள் எல்லோரும் தன்னையே பார்ப்பதாகத் திருமேனிக்குத் தோன்றியது. துண்டை இழுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. முக்காட்டைப் பார்த்த பிறகுதான் உண்மையிலேயே நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவங்க என்னையப் பார்த்து என்ன கேட்பாங்களோ!"

"துக்கத்துல இருக்கிறவங்க என்னத்தக் கேட்கப்போறாங்க?"

ஊருக்குள் போகும் பாதை பிரிகிற இடம் வந்தது. திருமேனி பின்தங்கினார். குரு ஊர்ப் பக்கம் போகவில்லை. மறுபக்கம் திரும்பி, வைத்தியசாலையைச் சுற்றிக்கொண்டு பின்புறம் வந்தார். சீடர்கள் தங்கும் குடிசைகள் அங்கேதான் இருந்தன. திருமேனியின் குடிசை வாசலில் போய் நின்றார்.

திருமேனிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனாலும் வாசலுக்கு வந்தவரை நிற்க வைக்கலாமா? அவசர அவசரமாகப் படலைத் திறந்தார்.

"உள்ள வாங்கம்மா."

"துக்க வீட்டுல 'வாங்க'ன்னு சொல்லக்கூடாது, அண்ணாச்சி."

குரு உள்ளே போய் வெறுந்தரையில் உட்கார்ந்தார். தூக்குவாளியைப் பக்கத்தில் வைத்தார். திருமேனி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, இது என் குடிசை."

"தெரியும்."

"இங்க யாரும் சாகலயே."

"அந்தப் பிள்ளை எங்க செத்துச்சு?"

"ஆத்தங்கரையில."

குரு இல்லையென்று தலையசைத்தார். திருமேனியின் உதடு கோணியது. துண்டைத் தேடினார். அது தலையிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது.

"என் கையில" என்றார்.

"அப்போ துக்கம் கேட்க நான் வேற எங்க போவேன்?"