தொட்டிக்குள் ஒரு கப்பல்

இதில் வரும் அளவுகளுக்கு மட்டும்தான் நான் பொறுப்பு. மற்றதெல்லாம் தவசிக்கனி மாமாவின் வாயிலிருந்து வந்தது. அவர் அம்மாவின் தம்பி. எட்டு வருடம் ஒரு சுற்றுலாக் கப்பலில் ‘கேபின் ஆபீசராக’ இருந்துவிட்டு, மூன்று வருடத்துக்கு முன்பு ஆறுமுகநேரிக்குத் திரும்பியவர். அவர் சொல்வதை முழுதாக நம்பியவர்கள் ஊரில் கிடையாது. பாதியில் எழுந்து போனவர்களும் கிடையாது.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதனால் ரேஷன் கார்டில் பெயர் திருத்துவது முதல் கேஸ் சிலிண்டர் பதிவது வரை குடும்பத்தின் எல்லாப் படிவங்களும் என்னிடம்தான் வரும். மூன்று முறை சரிபார்க்காமல் எந்தப் பொத்தானையும் அமுக்க மாட்டேன். அப்படிப்பட்ட நான்தான் வேலைக்குச் சேர்ந்த வருடமே அப்பாவையும் அம்மாவையும் கப்பலில் அனுப்பத் துணிந்தேன். மாமா வேலை பார்த்த அதே கப்பல். சென்னையில் ஏறினால் மூன்று நாள் கடலில் சுற்றிவிட்டு மறுபடி சென்னையில் இறக்கிவிடும். ஒரு சாதாரண அறையைப் பிடித்து வைத்திருந்தேன். ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் உறுதி செய்யாவிட்டால் அது வேறு யாருக்காவது போய்விடும்.

சனிக்கிழமை வரை அம்மா சரியென்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஞாயிறு மதியம் நான் போனில் அறையின் படத்தைக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

“என்னட்டி இது, பீரோவுக்குள்ள கட்டில் போட்ட மாதிரி இருக்கு? நான் வரல. உங்க அப்பாவ வேணும்னா மடிச்சு வச்சு அனுப்பு.”

உடனே மாமாவுக்குப் போன் செய்தேன். “மாமா, சின்ன ரூமே போதும்னு அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

“இவ்வளவுதானா? இந்தா வாரேன்” என்றார்.

நான்கு மணிக்கு அவருடைய ஸ்கூட்டர் வந்து நின்றது. அந்தச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஜெபமணி அத்தையும் வந்து உட்கார்ந்துவிட்டார். அம்மா முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அப்பா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். உப்பு லாரி ஓட்டுகிற அவருக்கு ஞாயிறு ஒருநாள்தான் தூக்கம்.

“அக்கா, கப்பல்ல ரூமு ரெண்டு தினுசு. சாதா, சூட்டு” என்று மாமா ஆரம்பித்தார். சூட்டு என்றால் ‘சூட்’, காசுள்ளவர்கள் எடுக்கும் பெரிய சொகுசு அறை. சாதாவைப் பற்றிச் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தேன். ஆனால் சின்னதாக இருக்கும் எதையும் புகழ அவருக்கு வாய் வராது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. “சாதாவ விடு. சூட்டு இருக்கே, அதுக்கு வாசல்ல பெல்லு உண்டு. நான் பெல்ல அடிச்சிட்டு, கீழ போயி, சாப்பிட்டு, கை கழுவிட்டு வந்து நிப்பேன். அப்பதான் உள்ள இருந்து ‘இந்தா வாரேன்’னு சத்தம் கேக்கும்.”

அப்பா கண்ணைத் திறக்காமலே கேட்டார். “மாப்ள, அது ரூமா, இல்ல எங்க உப்பளமா?”

“அத்தான், உப்பளத்துல வரப்பு தெரியும். இதுல எதிர்ச் சுவரே தெரியாது. கீழ கம்பளம் விரிச்சிருப்பாவ பாருங்க, கால வச்சா முழங்கால் வரைக்கும் உள்ள போவும். ஒரு அம்மாவுக்குக் கம்மல் திருகாணி விழுந்துட்டுன்னு நாங்க ஆறு பேரு எறங்கித் தேடுனோம். மூணா நாள் கையில என்னமோ தட்டுச்சு. இழுத்தா ஒரு ஆளு. போன வருசம் காணாமப் போன எலக்ட்ரீசியன். ‘என்னண்ணே, டூட்டி முடிஞ்சிட்டா?’ன்னு கேக்கான்.”

“திருகாணி?” என்றார் ஜெபமணி அத்தை.

“அது அவன் சட்டப் பையில இருந்தது. நேர்மையான பய.”

அத்தை இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நான் மணி பார்த்தேன். நாலு இருபது. “மாமா, சாதா ரூமு...” என்று மெதுவாக நினைவூட்டினேன்.

“வாரேன் மருமகளே. கட்டில முடிச்சிட்டு வாரேன். அக்கா, சூட்டுல கட்டிலு இருக்கே, இந்தப் பக்கம் படுத்தா சென்னை நேரம், அந்தப் பக்கம் உருண்டா சிங்கப்பூர் நேரம். ஒரு மனுசன் ஞாயித்துக்கிழம இந்த ஓரத்துல படுத்தவன், புரண்டு புரண்டு அந்த ஓரத்துக்குப் போயிட்டான். முழிச்சுப் பாத்தா செவ்வாக்கிழம. திங்கக்கிழமைய அவன் பாக்கவே இல்ல.”

“கொடுத்து வச்சவன்” என்றார் அப்பா. இப்போது கண்ணைத் திறந்துவிட்டார்.

“குளிக்கிற தொட்டியக் கேளுங்க. அதுல அலை அடிக்கும். அமாவாசைக்கு அமாவாச தண்ணி பெருகும். சோப்பு போடுறதுக்கு முன்னாடி காத்து எந்தப் பக்கம் அடிக்குன்னு பாத்துக்கிடணும். தொட்டிக்கு நடுவுல ஒரு சின்னக் கப்பல் ஓடும் அத்தான். ஆளுங்க ஏறி இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்குப் போவாவ. அந்தச் சின்னக் கப்பல்லயும் ரூமு ரெண்டு தினுசு. சாதா, சூட்டு.”

“அந்தச் சூட்டுலயும் தொட்டி உண்டா?” ஜெபமணி அத்தை விடவில்லை.

மாமா கொஞ்சம் யோசித்தார். “அதுக்குள்ள நான் போனதில்ல ஜெபமணிக்கா. பாக்காதத சொல்லக் கூடாது பாருங்க.”

அப்பா தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, அது நிற்கவும் இல்லை. ஆனால் அம்மா சிரிக்கவில்லை. கீரையை விட்டுவிட்டு அண்ணாந்து எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏலே தவசி, அந்தச் சூட்டுல எத்தன பேரு படுக்கலாம்?”

“அக்கா, நம்ம தெருவே படுக்கலாம்!”

“அப்ப ஒரு சூட்டு போதும்.” அம்மா விரல் மடக்க ஆரம்பித்தாள். “நாங்க ரெண்டு பேரு. உன் வீட்டுல நாலு. காயல்பட்டினத்துச் சித்தி, சித்தப்பா. இவுக தங்கச்சி வீட்டுல அஞ்சு. மூத்த மதினி. பேச்சித்தாய் மதினியும் மகளும். பதினாறு ஆச்சா? சண்முகக்கனி கல்யாணத்துல மண்டபத்து ரூமுல இருவது பேரு படுக்கலியா? ஜமுக்காளம் நாலு எடுத்தாப் போதும்.”

“பதினேழு” என்றார் ஜெபமணி அத்தை. அதுவரை ஒரு வார்த்தையையும் நம்பாமல் இருந்தவர் அம்மா பக்கம் திரும்பினார். “எனக்கு ஃபேனுக்குக் கீழ எடம் போட்டுரு முத்துக்கனி.”

“ஸ்டவ்வையும் எடுத்துக்கிட்டா சோத்துப் பிரச்சன இல்ல” என்றார் அப்பா.

நான் எழுந்து நின்றுவிட்டேன். அச்செடுத்து வைத்திருந்த தாளைக் காட்டி, ஒரு அறைக்கு இரண்டு பேர்தான் என்றும், சூட் நானூற்றுப் பத்துச் சதுர அடிதான் என்றும், அதுவே நம் வீட்டைவிடச் சிறியது என்றும், என் கைக்கு எட்டுவது சாதாரண அறைதான் என்றும், அது நூற்று எழுபது சதுர அடி என்றும் சொன்னேன்.

“அவ்வளவு பெரிய ரூமுல ரெண்டே பேரா? மிச்ச எடத்துல என்ன, வெள்ளாமையா பண்ணுதாவ?” அம்மா தாளை வாங்கக்கூட இல்லை. “அவன் எட்டு வருசம் அதுக்குள்ள இருந்தவன். நீ படம் பாத்தவ. போனா எல்லாரும் போவோம், இல்லன்னா நான் வரல.”

மணி ஐந்து ஐந்து. மாமாவை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

“மாமா, அந்தச் சூட்டச் சின்னதாக்குங்க.”

“எவ்வளவு சின்னதா?”

“நானூத்திப் பத்து சதுர அடி.”

பெற்ற பிள்ளையைத் தத்துக் கேட்டதுபோல் என்னைப் பார்த்தார். ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தார். பிறகு வெளியே போய் அம்மாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“அக்கா, ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். அந்தச் சூட்டு இப்ப அப்படி இல்ல. சுருங்கிட்டு.”

“சுருங்கிட்டா?”

“உப்புக்காத்துக்கா. புது வேட்டிய மொத தடவ நனச்சா சுருங்காதா? அந்த மாதிரி ஒவ்வொரு மழைக்கும் ரெண்டு முழம் உள்ள வாங்கும். நான் எறங்கும்போதே கட்டில்ல கால் நீட்டுனா சுவர்ல இடிச்சது. இப்ப நானூத்திப் பத்து. அடுத்த மழைக்கு என்ன ஆகும்னு கேப்டனுக்கே தெரியாது. உள்ள படுத்திருக்கும்போது சுருங்கிட்டுன்னு வச்சுக்கோ...”

“ஐயோ, நான் வரல” என்று ஜெபமணி அத்தை உடனே விலகிக்கொண்டார். பதினேழு பதினாறானது.

“சாதா ரூமு அப்படி இல்ல.” மாமாவுக்கு இப்போது சூடு பிடித்துவிட்டது. “அது இதுக்கு மேல சுருங்க முடியாது. ஆனா என்ன வசதிக்கா! படுத்த எடத்துல இருந்தே கதவத் தொறக்கலாம், பல்லு தேய்க்கலாம், ஜன்னல் வழியாக் கைய நீட்டி மீனப் பிடிக்கலாம். ஒருத்தர் கொட்டாவி விட்டா அடுத்தவரு வாயத் தொறக்க வேண்டாம், அதுவே ரெண்டு பேருக்கும் போதும். நீ மனசுல ‘காப்பி குடிச்சா நல்லாருக்கும்’னு நெனச்சா அத்தான் காதுல கேட்டுரும்.”

“அந்தக் காதுக்கு வீட்டுல சத்தம் போட்டுச் சொன்னாலே கேக்காது” என்றாள் அம்மா. முகம் லேசாக இளகியிருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

“ஒரு புருசன் பொண்டாட்டி அக்கா, பன்னெண்டு வருசமாப் பேச்சுவார்த்த இல்ல. சாதா ரூமுக்குள்ள போனாவ. அவங்க ரெண்டு பேரு, ரெண்டு பெட்டி. கோவத்த வைக்க எடமில்ல! என்ன செய்ய? கதவுக்கு வெளிய வச்சிட்டு உள்ள போயிட்டாவ. மூணே நாளு, சிரிச்சுக்கிட்டு எறங்குனாவ. எல்லா ரூமுலயும் இதே கததான். காலையில வராந்தாவப் பாத்தா, கெடக்கும் கூடை கூடையாக் கோவம். நான்தான் கூட்டி அள்ளுவேன்.”

மறுபடி கீரை உருவிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. “யாரு கூட்டி அள்ளுவா?”

வெள்ளைச் சட்டையும் தோளில் பட்டையுமாக மாமா கப்பலில் எடுத்த போட்டோ எங்கள் வீட்டுச் சுவரிலும் உண்டு. அதை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

“நான்தான்க்கா.” குரலில் இதுவரை இருந்த ஏற்ற இறக்கம் இல்லை. “ஆபீசரு இல்ல. ரூம் கூட்டுற வேல. ஒரு நாளைக்குப் பதினெட்டு ரூமு. கூட்டி, தொடச்சு, பாத்ரூம் கழுவி, விரிப்பு மாத்தணும். எல்லாம் சாதா ரூமுதான். சூட்டுக்கு வேற ஆளு. கதவு தொறந்து கெடந்தப்ப வெளிய நின்னு ரெண்டு தடவ பாத்திருக்கேன்.”

அன்று அவர் சொன்னதில் அளவெடுத்த மாதிரி இருந்தது இது ஒன்றுதான். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். முறம் கவிழ்ந்து கீரை தரையெல்லாம் சிதறியது. கண்ணில் தண்ணீர் வந்தது.

“ஏலே, தொட்டிக்குள்ள கப்பல் ஓடுதுன்ன. சரின்னேன். கம்பளத்துக்குள்ள ஆளு கெடந்தான்ன. சரின்னேன். ரூமு சுருங்குதுன்ன, அதயும் சரின்னேன். நீ தொடப்பத்தத் தொட்டேன்னு சொன்னா எப்படில நம்ப? சாப்பிட்ட தட்டத் தூக்கிப் போடாத பயலா பாத்ரூம் கழுவுனான்?”

“மாப்ள, புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணும் வே” என்றார் அப்பா.

“சத்தியமா அக்கா!” மாமா பதறிப்போய் அப்பாவின் தோளில் கிடந்த துண்டை உருவினார். இப்படி மடித்து அப்படிச் சுருட்டி, ஒரு நிமிடத்துக்குள் தும்பிக்கையோடு ஒரு யானையைத் தரையில் நிறுத்தினார். “கட்டில்ல தினமும் இப்படி ஒண்ணு வைக்கணும். பதினெட்டு ரூமுக்குப் பதினெட்டு யான!”

அம்மா அதைக் கையில் எடுத்து எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். “பெருச்சாளி மாதிரி இருக்கு.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஏட்டி, போடு டிக்கெட்ட. நேர்ல பாத்துட்டு வந்துருதேன்.”

“எந்த ரூமும்மா?”

“இவன் கூட்டுனேன்னு சொல்லுதாம்லா, அந்த ரூமு.”

“அப்ப பதினாறு பேரு?” என்றார் அப்பா.

“சாட்சிக்கு நீங்க ஒருத்தர் போதும்.”

பெயர், வயது, ஆதார் எண், எல்லாவற்றையும் மூன்று முறை சரிபார்த்து, ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் பொத்தானை அமுக்கினேன். மாமா என் தோளுக்கு மேல் எட்டி அந்தச் சின்ன அறையின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போய்ப் பாருக்கா” என்றார். “தரையில மொகம் பாக்கலாம். அவ்வளவு சுத்தமா வச்சிருப்பேன்.”

“தரையெல்லாம் எனக்கு வேண்டாம்” என்றாள் அம்மா. “கட்டிலுக்கு அடியிலதான் குனிஞ்சு பாப்பேன். கூட்டுனது நீன்னா, இந்த மூணு வருசமும் குப்ப அங்கயேதான் கெடக்கும்.”